எட்டுப் பேர் வேலை செய்யும் யூனிட்டின் முதலாளிக்கு

அன்புள்ள வாசகருக்கு,

திருப்பூரில் எட்டுப் பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பவர் டேபிள் யூனிட் நடத்துவதாக எழுதியிருந்தீர்கள். புதிய தொழிலாளர் சட்டங்கள் வந்துவிட்டனவே, இனி இ.எஸ்.ஐ. எனக்கும் கட்டாயமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களைப் போன்ற சிறு யூனிட்டுகளுக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். கணக்கு பார்த்துக் கொடுப்பது என் தொழில். இதே கேள்வியோடு நிறையப் பேர் வருவதால், உங்களுக்கு எழுதும் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கட்டாயமில்லை. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் இருந்த இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் பத்துப் பேர் இருந்தால்தான் கட்டாயம் என்ற எல்லை அப்படியேதான் இருக்கிறது. ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் வேலைகளில் மட்டும் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சேர்த்தாக வேண்டும். தையல் யூனிட்டுக்கு அது பொருந்தாது. உங்களைத் தொடும் மாற்றம் வேறு. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், முதலாளியும் தொழிலாளர்களில் பெரும்பாலோரும் சம்மதித்தால், தாங்களாகவே இ.எஸ்.ஐ.யில் சேர்ந்துகொள்ளலாம்.

சட்டம் விட்டுவிட்டதே, பிறகு எதற்கு வலியப் போய்ச் சேர வேண்டும் என்று தோன்றும். சேருங்கள் என்றுதான் நான் சொல்வேன். அதற்கு என்னிடம் காரணங்கள் இருக்கின்றன.

முதலில் செலவைப் பார்த்துவிடுவோம். முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 2019 ஜூலையில் குறைத்த விகிதம் இது. அதற்கு முன் இரண்டும் சேர்த்து 6.5 சதவீதமாக இருந்தது. உங்களிடம் ஆளுக்குச் சராசரியாக மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேருக்கும் சேர்த்து உங்கள் கையிலிருந்து போவது 3,900 ரூபாய். தொழிலாளிக்குப் பிடித்தம் மாதம் 112 ரூபாய் 50 காசு. உங்கள் பங்கையும் சேர்த்து அவர் சம்பளத்திலேயே பிடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சுக்கே போகாதீர்கள்.

இந்த 3,900 ரூபாயை மிச்சம் பிடித்தால் எந்தப் பொறுப்பு உங்கள் தலையில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003-இல் அதிகாலை வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்னால், விபத்தில் இறந்தார். வேலைக்கு வரும் வழியில் நடந்ததை வேலையில் நடந்த விபத்தாக எடுக்க முடியுமா என்று வழக்கு நடந்துகொண்டே இருந்தது. எடுக்கலாம், குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில். புதிய சட்டத் தொகுப்போ இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், வேலையில் நடந்ததாகவே கொள்ளப்படும். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி ஒன்பது மணிக்குப் பல்லடம் ரோட்டிலும் அவிநாசி ரோட்டிலும் டி.வி.எஸ்.ஸில் இரண்டு பேராகப் போகிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதில் ஒருவர் உங்கள் டெய்லர். இ.எஸ்.ஐ.யில் இல்லாத யூனிட்டில் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், இழப்பீடு கொடுக்க வேண்டியவர் நீங்கள். சேர்ந்திருந்தால் அந்தப் பொறுப்பை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் ஏற்கும். தொழிலாளி இறந்துபோனால், அவருடைய தினசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை குடும்பத்துக்கு உதவித்தொகையாக மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

‘எங்கள் ஆட்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே’ என்று கேட்டிருந்தீர்கள். நல்ல திட்டம். எத்தனையோ பேருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடக்க அதுதான் காரணம். ஆனால் அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 15,000 வாங்கும் டெய்லர் ஒருவரின் சம்பளமே ஆண்டுக்கு 1,80,000 ஆகிவிடுகிறது. அட்டை இருந்தாலும் அது ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பார்க்கும். படுத்திருக்கும் நாட்களில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதற்கு யார் பணம் தருவார்கள்? இ.எஸ்.ஐ. தரும். நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். 15,000 ரூபாய்க்காரருக்கு நாளொன்றுக்கு 350 ரூபாய். காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம், அதாவது அதே தொழிலாளிக்கு 91,000 ரூபாய். எட்டு ஆள் வைத்திருக்கும் நீங்கள் இதையெல்லாம் கைக்காசிலிருந்து கொடுக்க முடியாது. கொடுங்கள் என்று நானும் சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்க்கிறார்கள்.

குரூப் மெடிக்ளெய்ம் எடுத்துவிடலாமே என்றும் கேட்டீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. குரூப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதைவிட முக்கியம், எந்த மெடிக்ளெய்மும் சம்பள இழப்பை ஈடுகட்டாது. தனியாகப் பாலிசி எடுத்தாலோ, முன்பே சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர் அந்த நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டிவரும். இ.எஸ்.ஐ.யில் வயதைக் கேட்டுச் சந்தாவை ஏற்றுவதில்லை, பழைய நோய் என்று ஒதுக்குவதுமில்லை.

பெண்கள் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் பெண்கள் என்று எழுதியிருந்தீர்கள். பழைய சட்டத்தில் குடும்பம் என்றால், பெரியவர்களில் அந்தப் பெண்ணின் பெற்றோர்தான் வருவார்கள். புதிய தொகுப்பில், பெண் தொழிலாளியை நம்பி வாழும் மாமனார் மாமியாரும், வருமான வரம்புக்கு உட்பட்டுக் குடும்பமாகக் கணக்கில் வருகிறார்கள். கல்யாணமான பெண் பெரும்பாலும் யாருடைய மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். சேருவதோடு வேலை முடிந்துவிடாது, கணக்கை உள்ளபடி காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு செக்கிங் அம்மா, ஒரு யூனிட்டில் வாரம் ஆறு நாள் தவறாமல் வேலைக்குப் போனவர். ஜனவரியில் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை. ஒன்றரை மாதம் ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான நோய்க்கால உதவி அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை கிடைக்கும். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். அவர் கணக்கில் இருந்தது 72 நாள். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் வேலைக்கு வந்ததாக அந்த முதலாளி காட்டிவந்திருக்கிறார், சந்தா குறையட்டும் என்று. கையில் வாங்கியது முழு மாதச் சம்பளம், ஆன்லைனில் ஏறியது பாதிகூட இல்லை. ஆறு நாள் குறைவதால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். தையல் காயத்தோடு மூன்றாவது வாரமே அவர் செக்கிங் டேபிளுக்கு வந்து நின்றார். அவர் கணக்கில் முதலாளி மிச்சம் பிடித்தது மாதம் சில நூறு ரூபாய்தான். எத்தனை வருடம் ஆனாலும் அதை என்னால் மன்னிக்க முடியாது.

ஷெட்டில் பதினாறு பேர், ரெஜிஸ்டரில் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்கிறவர்களும் இதில்தான் சேர்த்தி. மனைவி பேரில் ஒன்று, தம்பி பேரில் ஒன்று என்று யூனிட்டைப் பிரித்துக் காட்டுகிறவர்களும் அப்படியே. பதியாமல் விட்ட ஆளுக்கு விபத்து நேர்ந்தால் கார்ப்பரேஷன் அவருக்கு உதவித்தொகை கொடுத்துவிட்டு, அந்தத் தொகையின் மொத்த மதிப்பை முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒருமுறை பத்தைத் தொட்டு உள்ளே வந்த நிறுவனம், பிறகு ஆள் குறைந்தாலும் உள்ளேதான்.

டிஸ்பென்சரியில் கூட்டம், மாத்திரை இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்குவதற்குள் உயிர் போகிறது என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். பொய்யில்லை. தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. முதன்முதலில் வந்தது 1955-இல், பக்கத்துக் கோயம்புத்தூரில். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்றால் கேட்க வேண்டிய கேள்விதான். திருப்பூருக்கு 100 படுக்கை கொண்ட இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியதே 2019 பிப்ரவரியில்தான். ஆனால் சந்தா கட்டுகிறவர்தான் சண்டை போட முடியும். வெளியே நிற்கிறவருக்கு அந்த வரிசையும் இல்லை, சம்பள இழப்புக்கு ஈடும் இல்லை.

இன்னொன்று, சம்பளம் என்பதன் கணக்கு மாறியிருக்கிறது. முன்பு வீட்டு வாடகைப்படியையும் சேர்த்துத்தான் இ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய் சம்பள வரம்பைப் பார்த்தார்கள். இந்த வரம்பு 2017 ஜனவரியில் வந்தது. புதிய வரையறையில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்தான் முக்கியம். வாடகைப்படி போன்றவை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சும் பகுதி மட்டும் சம்பளத்தில் சேரும். அடிப்படையும் பஞ்சப்படியும் 16,000, வாடகைப்படி 8,000 என்று 24,000 வாங்கும் உங்கள் சூப்பர்வைசர் முன்பு வெளியே நின்றிருப்பார். இனி அவர் சம்பளம் 16,000 என்றே கணக்காகும், உள்ளே வந்துவிடுவார். அவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

சேருவதானால் சில வேலைகள் இருக்கின்றன. ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பாங்க் பாஸ்புக்கில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பாருங்கள். பாதி இழுபறி அங்கேதான் வருகிறது. வேறு கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவருக்குப் பழைய இன்சூரன்ஸ் நம்பர் இருக்கும். அதையே தொடருங்கள், புதிதாக ஒன்று போட்டால் பழைய சந்தா நாட்கள் சேராமல் போகும். ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால், ஊரில் இருக்கும் குடும்பத்தின் முகவரியைத் தனியாகப் பதியுங்கள், அவர்கள் அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

சம்மதம் கேட்பதை மட்டும் சடங்காகச் செய்துவிடாதீர்கள். 112 ரூபாய் பிடிப்பார்கள் என்றதும் சிலர் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு அது இரண்டு நாள் டீக்காசு, கோபப்படாதீர்கள். வருகிற சனிக்கிழமை சம்பளம் கொடுத்து முடித்ததும் எட்டுப் பேரையும் பத்து நிமிடம் உட்காரவைத்து, 78 நாள் கணக்கையும் 350 ரூபாய் கணக்கையும் சொல்லுங்கள். ஐந்து பேர் கை தூக்கினால் போதும், திங்கட்கிழமையே விண்ணப்பத்துக்கான வேலையைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கர் நண்பன்