பன்னிரு கோத்திரமும் பழைய பேரேடும்



தெலுக் பங்லிமா காராங்கில் கடை அடைத்தபின் நாம் கூடிப் பேசியிருந்த ஓர் இரவில், வாலிபர் ஒருவர் கேட்டார்: "இன்றைய யூதர்கள், யாகூப் நபி (அலை) அவர்களின் பன்னிரு மக்கள் வழி வந்தவர்கள்தாமா? இன்னார் இன்ன கோத்திரம் என்று காட்ட முடியுமா?"

கோபத்தில் விடை சொல்வது எளிது. வியாபாரிகளாகிய நாமோ கணக்குப் பார்த்தே சொல்லவேண்டும். பழைய பாக்கியைப் புதுப் பேரேட்டில் ஏற்றவேண்டுமானால் பழைய பேரேடு கையில் இருக்கவேண்டுமன்றோ?

யாகூப் நபிக்கு இஸ்ராயீல் என்றும் பெயர். அவர்களின் சந்ததியாரே பனீ இஸ்ராயீல். சுலைமான் நபி (அலை) அவர்களுக்குப்பின் அரசு இரண்டாயிற்று. வடக்கேயிருந்த பத்துக் கோத்திரத்தாரைக் கி.மு. 722-ஐ ஒட்டி அசீரியர் வென்று, பலரை நாடுகடத்தினர். அவர்கள் பிற மக்களோடு கலந்துபோயினர். தெற்கே யூதா, பென்யாமீன் கோத்திரங்களும், லேவியரில் பலரும் எஞ்சினர். கி.மு. 586-ஐ ஒட்டிப் பாபிலோனியர் இவர்களையும் சிறைகொண்டு போயினர். பின்னர் ஒரு பகுதியார் திரும்பினர். யூதர் என்னும் பெயரே யூதா என்பதிலிருந்து வந்ததுதான். பிற்காலத்தில் அம்மார்க்கத்தைத் தழுவிச் சேர்ந்தோரும் உண்டு.

ஆகவே பெரும்பாலான யூதர் தம் கோத்திரத்தைச் சொல்லவியலாது. லேவி வழியினரும், அவர்களுள் ஹாரூன் நபி (அலை) வழியினர் எனப்படும் குருமாரும் மட்டும் தந்தை சொல்ல மகன் கேட்டு மரபைக் காத்து வருகின்றனர். 1997-இல் விஞ்ஞானிகள் அக்குருமாரின் மரபணுவை ஆராய்ந்தபோது, தூர தேசங்களில் வாழ்ந்த பலரிடையே தந்தைவழி ஒற்றுமை மிகுந்திருக்கக் கண்டனர். எனினும் மரபணு உறவைக் காட்டுமேயன்றிக் கோத்திரத்தின் பெயரைச் சொல்லாது.

இனி நமக்கு அண்மையிலுள்ள சான்றுக்கு வருவோம். கி.பி. 1000-ஐ ஒட்டி, கொடுங்கல்லூரில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், இஸ்ஸுப்பு இரப்பான் என்னும் யூத வர்த்தகருக்கு வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துத் தந்தார். எழுபத்திரண்டு உரிமைகள், சுங்கமும் நிறைகூலியும் இல்லை, பல்லக்கும் குடையும் உண்டு. அஞ்சுவண்ணம் என்னும் வணிகர் கூட்டத்தின் உரிமையும் அவருக்கே. கொச்சி யூதர் இச்செப்பேட்டைக் கண்போலக் காத்தனர். ஆனால் அவர் எந்தக் கோத்திரத்தவர் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை! அது வணிகனின் உரிமைப் பத்திரமேயன்றி வமிசப் பட்டியல் அன்று.

இந்த அஞ்சுவண்ணம் நமக்கும் அன்னியமன்று. பாரசீகச் சொல்லாகிய அஞ்சுமன் என்பதே அப்படித் திரிந்தது என்பது அறிஞர் கருத்து. கி.பி. 849-இல் கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில் அரபு எழுத்திலும் எபிரேய எழுத்திலும் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. கோத்திரம் கேட்டா அவர்கள் ஒரே ஏட்டில் கையொப்பமிட்டார்கள்? நாணயம் கண்டன்றோ!

கொங்கணக் கரையில் பெனே இஸ்ராயீல் என்றொரு கூட்டத்தார் உளர். கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆடவர், ஏழு பெண்டிரின் சந்ததி தாங்கள் என்பர். முற்காலத்தில் எண்ணெய் ஆட்டும் தொழிலினராக இருந்தனர். சனிக்கிழமை செக்கு ஓட்டாதிருந்தனர். அதனால் ஊரார் அவர்களைச் சனிவார் தேலி, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றனர். அவர்கள் இஸ்ரேல் நாட்டில் குடியேறியபின், 1960-களின் தொடக்கத்தில், திருமணம் பதிய வந்தோரிடம் அந்நாட்டு மதகுருமார் வமிசத்துக்கு அத்தாட்சி கேட்டனர். தலைமுறை தலைமுறையாக ஓய்வுநாளைப் பேணிய மக்கள், தம் பிள்ளைகளின் கலியாணத்துக்காகத் தெருவில் நின்று போராட நேர்ந்தது. 1964-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அவர்களுக்காகப் பேசிய பின்னரே நெருக்கடி தளர்ந்தது. எத்தகைய வேதனை! 2016-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அவர்களிடம் யூத இரத்தமும் இந்திய இரத்தமும் கலந்திருப்பதைக் காட்டியது. அவர்களின் பழங்கதை முற்றும் பொய்யன்று. முற்றும் கலப்பற்றதும் அன்று.

வாலிபருக்கு நம் விடை இதுதான்: கூட்டத்தாரின் பழைய தொடர்புக்குச் சான்று உண்டு, தனி மனிதரைக் கோத்திரத்தோடு இணைக்கும் ஏடு இல்லை.

சகோதரர்களே! இப்பாடத்தை நம் பக்கமும் திருப்புவோம். "எம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தோர்" என்று பெருமை பேசுவோர் நம்மிலும் உண்டு. பாட்டனாரின் தந்தை பெயர் என்ன, எந்த ஊர், எந்த ஆண்டில் மலாயாக் கரையில் இறங்கினார் என்று அவர்களைக் கேளுங்கள், பலர் விழிப்பார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரேபியாவைச் சொல்லும் நாம், நூறு ஆண்டுக்கு முந்திய கப்பலை மறந்தோம்!

வமிசப் பெருமை சுவர்க்கம் சேர்க்காது, தக்வாவே மேன்மை. ஆனால் நாளை நம் பிள்ளைகள் பள்ளியிலோ கச்சேரியிலோ நின்று "நீ யார்?" என்ற கேள்விக்கு விடையின்றித் தலைகுனியலாகாது. ஆகவே இந்த ஜும்ஆவுக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டு மூத்தோரிடம் கேட்டுப் பெயர், ஊர், பிறப்பு, நிக்காஹ், மவுத்து ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் கடை லைசென்சையும் கரையானுக்கு விடாதீர்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்தெழுதுங்கள்.

கடைக் கணக்கை இரவுதோறும் எழுதும் கை, குடும்பக் கணக்கை ஒருமுறையேனும் எழுதட்டும்.