வளைவில் வண்டி முரண்டு பிடிக்கிறதா? கியர்பாக்ஸுக்கு முன்னால் டயரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடைய வாகனம் 2002 சுபாரு அவுட்பேக், 2.5 லிட்டர், ஒட்டோமட்டிக். நேராக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் யாரோ பிரேக் பிடித்தது மாதிரி நின்று, பிறகு துள்ளித் துள்ளிப் போகிறது. போன மாதம் ஒரு டயர் வெடித்ததால் பின்பக்கம் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டேன். கராஜில் கியர்பொக்ஸையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். வாகனத்தின் பெறுமதியை விட அந்தச் செலவு கூட. நானே ஏதும் செய்து பார்க்கலாமா?
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: தாராளமாகச் செய்யலாம். கியர்பாக்ஸைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன் செய்தே ஆகவேண்டிய சோதனைகள் சில இருக்கின்றன. விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பின்பக்கம் ஒரே ஒரு புது டயர்.

வண்டி ஒடிந்து திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. ஆக, முன்சக்கரங்கள் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். உங்கள் அவுட்பேக்கில் பின்சக்கரங்களுக்குப் போகும் விசை, கியர்பாக்ஸின் வால்பகுதியில் உள்ள கிளட்ச் தட்டுகள் வழியாகப் போகிறது. தட்டுகளை இறுக்குவது ஆயில் அழுத்தம். அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ‘ட்யூட்டி சி’ எனப்படும் சாலனாய்டு. திரும்பும்போது தட்டுகள் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். நீங்கள் உணரும் துள்ளல் அதுதான்.

நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மி.மீ.க்குள், ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாரு வைத்திருக்கும் வரம்பு. டயரின் பட்டன், அதாவது மேல்வரிகள், 1 மி.மீ. தேய்ந்தாலே சுற்றளவில் 6 மி.மீ. குறைந்துவிடும். அப்படியானால் வரம்பு எவ்வளவு கறாரானது என்று பாருங்கள். புது டயரின் பட்டன் ஆழம் ஏறக்குறைய 8 மி.மீ. உங்கள் பழைய டயர்கள் பாதி தேய்ந்து 4 மி.மீ.யில் நின்றால், சுற்றளவில் 25 மி.மீ. வித்தியாசம் வந்துவிடுகிறது. புது டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மற்றவற்றைவிட ஐந்தரைச் சுற்று குறைவாகச் சுற்றும். அதில் பாதியைப் பின் டிஃபரென்ஷியல் சமாளித்துக்கொள்ளும். மீதிப் பாதி, நேர்ச்சாலையில் போகும்போதும் ஓயாமல், அந்தக் கிளட்ச் தட்டுகளின் தலையில் விழுகிறது. ஆல்-வீல் டிரைவ் வண்டிக்கு ஒற்றை டயர் விற்பவர் இதை வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை நிரப்பி, ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, பட்டனின் நடுவில் டேப்பைச் சுற்றி அளந்து எழுதிவையுங்கள். பிறகு பானெட்டைத் திறந்தால் ‘எஃப்.டபிள்யூ.டி’ என்று எழுதிய ஃபியூஸ் கூடு ஒன்று காலியாக இருக்கும். அதில் 15 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுங்கள். டேஷ்போர்டில் அதே எழுத்துகள் ஒளிரும். பின்சக்கரங்களுக்கான விசை துண்டிக்கப்படும். இப்போது அதே தரிப்பிடத்தில் அதே வளைவை எடுத்துப் பாருங்கள். துள்ளல் மறைந்துவிட்டால் மகிழுங்கள்: சாலனாய்டு வேலை செய்கிறது, தட்டுகளும் விலகுகின்றன. டயரைச் சரிசெய்து, ஆயிலை மாற்றினால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். டயர் வந்து சேரும்வரை ஃபியூஸை அப்படியே விட்டுவைத்து நிதானமாக ஓட்டலாம். சின்ன ஸ்டெப்னி மாட்டி ஓட்டும்போது கூட இதே ஃபியூஸைப் போடும்படிதான் வண்டியோடு வரும் கையேடு சொல்கிறது.

ஃபியூஸ் போட்டும் துள்ளல் நிற்கவில்லையா? அப்படியானால் சாலனாய்டு செத்திருக்கலாம், அல்லது தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இந்தச் சாலனாய்டுக்கு மின்சாரம் நின்றால் தட்டுகள் முழுக்க இறுகும்; அமைப்பே அப்படித்தான். இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ‘ஏ.டி. ஆயில் டெம்ப்’ விளக்கு அணையாமல் விட்டுவிட்டு மின்னினால், கியர்பாக்ஸ் கணினி ஏதோ பழுதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இந்த நிலையிலும் முழு கியர்பாக்ஸையும் இறக்கத் தேவையில்லை. சைலன்ஸர் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட், குறுக்குத் தாங்கி ஆகியவற்றைக் கழற்றினால் வால்பகுதியை மட்டும் பிரித்துச் சாலனாய்டையும் தட்டுகளையும் எடுத்துவிடலாம். உங்கள் கராஜில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஆயில் மாற்றும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியின் முன்பாதியில் அடியில் மூன்று வடிகால் நட்டுகள் உண்டு: இஞ்சினுக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலுக்கு ஒன்று, முன் டிஃபரென்ஷியலுக்கு ஒன்று. இஞ்சின் ஆயிலை மாற்றப் போய், கியர் ஆயிலை வடித்துவிட்டு, இஞ்சினில் ஏற்கெனவே இருந்ததன் மேலேயே புது ஆயிலை ஊற்றிவிடும் விபத்து சுபாருவில் அடிக்கடி நடக்கிறது. வடிவதன் நிறத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். கியர் ஆயில் ஒருமுறை வடித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும். மீதி டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எனவே வடித்து நிரப்பி, சில நாள் ஓட்டி, மீண்டும் வடித்து நிரப்புங்கள். அளவைப் பார்க்கும்போது ஆயில் சூடாக, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

டயர் விஷயத்தில், வட அமெரிக்காவில் சில கடைகளில் புது டயரைச் சீவிப் பழைய டயர்களின் அளவுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். விசாரியுங்கள். மற்ற மூன்றும் நன்றாகத் தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றுவதே சிக்கனம்.

கேள்வி: என்னிடம் 2008 ஹோண்டா சிஆர்-வி, நான்கு சக்கர இயக்கம். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை ஒடித்து எடுத்தால் பின்பக்கம் ‘உர்ர்’ என்று உறுமுகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் கிரவுன் ஆயிலை மாற்றி, கெட்டியான 90 ஆயில் ஊற்றலாம் என்கிறார். சரியா?
– வாசகி, குன்னூர்

பதில்: கிரவுன் ஆயிலை, அதாவது பின் டிஃபரென்ஷியல் ஆயிலை, மாற்றச் சொன்னது சரி. 90 ஆயில் வேண்டவே வேண்டாம், அம்மா.

சிஆர்-வியின் பின் டிஃபரென்ஷியலுக்குள் இரண்டு பம்புகளும் ஒரு கிளட்சும் இருக்கின்றன. ஒரு பம்பை முன்னிருந்து வரும் ஷாஃப்ட் சுழற்றும். இன்னொன்றைப் பின்சக்கரங்கள் சுழற்றும். முன்சக்கரம் சேற்றில் வழுக்கி இரண்டின் வேகமும் வேறுபட்டால், ஆயில் அழுத்தம் ஏறிக் கிளட்சை இறுக்கும். ஆக அங்கே இருக்கும் ஆயில் பல்சக்கரத்துக்கு உயவு மட்டும் அல்ல. பம்பையும் கிளட்சையும் இயக்குவதே அதுதான். அது பழசானால் கிளட்ச் விட்டுவிட்டுப் பிடிக்கும், உறுமல் கேட்கும். 90 ஆயில் ஊற்றினால் கிளட்ச் பாழாகும். ஹோண்டாவின் ‘டூயல் பம்ப் ஃப்ளூயிட்’ மட்டுமே வாங்குங்கள்; சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும்.

வேலை எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, முதலில் மேலே இருக்கும் நிரப்பும் நட்டைத் திறங்கள். அது துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடலாம். கீழ் நட்டைத் திறந்து ஆயில் வடிந்த பிறகு மேல் நட்டு வராது என்று தெரிந்தால், வண்டி நகர முடியாமல் நிற்கும். இரண்டு நட்டுக்கும் சாவி தனியாக வேண்டாம். 3/8 அங்குல ராட்செட்டின் சதுரமுனையே பொருந்தும். வாஷர்களைப் புதிதாகப் போட்டு, மேல் துளையில் வழியும்வரை நிரப்பி மூடுங்கள். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக இருபுறமும் ஒடித்து வட்டமடித்துப் பாருங்கள். உறுமல் மிச்சமிருந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: பழைய ஆல்-வீல் டிரைவ் ஜீப் மலைப்பாதையில் நின்றுவிட்டது. முன்சில்லுகளைத் தூக்கிக் கட்டி இழுத்து வந்தார்கள். ஏதும் கெட்டிருக்குமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு சக்கரம் நின்று, இரண்டு சக்கரம் உருண்டால் நடுவில் இருக்கும் கிளட்சோ விஸ்கஸ் கப்ளிங்கோ அவ்வளவு தூரமும் தேய்ந்து சூடேறும். இப்படிப்பட்ட வண்டியை நான்கு சக்கரமும் தரை தொடாதபடி லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். இதே காரணத்தால், சோதிக்கிறேன் என்று ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிவைத்து இஞ்சினை ஓட்டி கியர் போட்டுவிடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கை விட்டுப் பாயும், அடியில் ஆள் இருந்தால் உயிர் போகும். ஓட்டத் தொடங்குமுன் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் பின் டிஃபரென்ஷியல் ஆயிலையும் வெள்ளைத் துணியில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். கருகிய வாடையோ மினுங்கும் இரும்புத்தூளோ தெரிந்தால், அந்தப் பகுதியைத் திறந்து பார்த்த பிறகே ஓட்டுங்கள்.