தம்பியின் முகவரி

என் தம்பிக்கு 36 வயது, அறிவுத்திறன் குறைபாடு. 'சிகிச்சை முடிந்தது, அழைத்துப் போங்கள்' என்கிறது மனநல மருத்துவமனை. அம்மா அப்பா இல்லை. அங்கேயே இருக்கட்டுமே?
– ஒரு வாசகி, லோத்குண்டா, ஹைதராபாத்

வேண்டாம் சகோதரி. குடும்பம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். அதே சட்டப்படி, அறிவுத்திறன் குறைபாடு மனநோயே அல்ல.

உங்கள் பக்கத்திலேயே, போயின்பள்ளி மனோவிகாஸ் நகரில், அறிவுத்திறன் குறைபாட்டுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. குளிக்க, சமைக்க, கடைக்குப் போக எவ்வளவு துணை தேவை என்று அங்கே மதிப்பிடச் சொல்லுங்கள். நிராமயா காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள். 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும்.

உங்களோடுதான் இருக்க வேண்டும் என்றில்லை. நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தவர்களைச் சென்னையின் 'தி பான்யன்' தொண்டு நிறுவனம் 2015 முதல் நாலைந்து பேராக, உதவியாளரோடு, சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது. ஹைதராபாத்திலும் அப்படியொரு குழு இல்லம் தேடுங்கள். வீட்டைத் தம்பியிடம் காட்டிக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். பக்கத்தில் நல்ல பிரியாணிக் கடை இருக்கிறதா என்பதையும் அவரே பார்க்கட்டும்!