முட்புதர் வேலியில் விழுந்த விமானம்

கேள்வி: ரைட் சகோதரர்களுக்கு முன்பே நியூசிலாந்து விவசாயி ஒருவர் விமானத்தில் பறந்தார் என்று சொல்லப்படுவது உண்மையா?

பதில்: தென் கேன்டர்பரியில் உள்ள வைட்டோஹி என்னும் ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் பியர்ஸ் (1877–1953), மூங்கிலையும் துணியையும் கொண்டு ஒற்றையடுக்கு இறக்கை விமானம் ஒன்றைக் கட்டி, தாமே செய்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை அதில் பொருத்தினார் என்பதிலும், அது தரையை விட்டு எழும்பி முட்புதர் வேலியில் போய் விழுந்தது என்பதிலும் பெரிய ஐயமில்லை, ஐயமெல்லாம் நாளைப் பற்றியதே. அவர் இறந்த பின்னரே, வானோடி ஜார்ஜ் போல்ட் பண்ணைக் குப்பைமேட்டைத் தோண்டித் துருப்பிடித்த பாகங்களை மீட்டார். முதியவர்களின் நினைவுகளும் திரட்டப்பட்டன. சாட்சிகள் பலர் ஆண்டைச் சொல்லத் தெரியாமல், 1903 ஜூலையில் கொட்டிய கடும் பனியோடு நிகழ்ச்சியை இணைத்துச் சொன்னதால், ஆய்வாளர் சிலர் அதனை அப்பனிக்கு முன், அவ்வாண்டு மார்ச்சில் வைத்தனர். அரை நூற்றாண்டு கழித்துச் சொல்லப்படும் நினைவு, பனியை மறக்காவிட்டாலும் ஆண்டை எளிதில் மாற்றிவிடும். மேலும், பியர்ஸே 1915இலும் 1928இலும் செய்தித்தாள்களுக்கு எழுதிய கடிதங்களில் தம் முயற்சி 1904 வாக்கில் தொடங்கியதாகக் குறிப்பிட்டார். ரைட் சகோதரர்களை முந்தியதாக அவர் உரிமை கோரவில்லை. காப்புரிமைக்கு, அதாவது கண்டுபிடிப்பின் மீதான சட்ட உரிமைக்கு, அவர் விண்ணப்பித்ததும் 1906இல்தான். ஆகவே, கட்டுப்பாட்டுடன் நீடித்துப் பறந்த முதல் விமானம் என்ற இடம் 1903 டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் செலுத்திய விமானத்துக்கே உரியது.