மாதவிலக்கு நலமும் சாதனத் தேர்வும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் விதுராவை அடுத்து அமைந்துள்ளது கல்லாறு. ஊருக்குப் பெயர் தந்த ஆறு, வாமனபுரம் ஆற்றின் ஒரு கிளையாகச் சமவெளிக்கு இறங்குகிறது. சுற்றிலும் காடு, காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை. இத்தகைய ஊரில் வாழும் பெண்ணுக்கு மாதவிலக்கு நாள்களில் எந்தச் சாதனம் ஏற்றது? துணியாயின் அதனைச் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் வெயில் அரிது. நாப்கினாயின் பயன்படுத்தியபின் அகற்றியாக வேண்டும். ஆற்றில் எறிந்தால் கீழேயுள்ள ஊர்களின் நீர் மாசுபடும். மாதவிலக்கு நலத் திட்டங்கள் அனைத்தும் எதிர்நோக்கும் சிக்கல் இந்த எளிய வினாவில் அடங்கியிருக்கிறது.

அளவீடும் அதன் எல்லையும்

நம் நாட்டில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் சுகாதாரமான முறைகளைக் கையாள்வோர் 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 57.6 சதவிகிதம், 2019-21ஆம் ஆண்டு ஆய்வில் இது 77.3 சதவிகிதமாக உயர்ந்தது. நகர்ப்புறத்தில் 89.4, கிராமப்புறத்தில் 72.3 சதவிகிதம் என்ற இடைவெளி அப்போதும் நிலவியது.

இம்முன்னேற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும் நாப்கினைப் பயன்படுத்தும் பெண் எவரும் இக்கணக்கில் சேர்ந்துவிடுகிறார். அதனை உரிய நேரத்தில் மாற்ற முடிந்ததா, உராய்வினால் தோல் புண்பட்டதா, மாற்றுவதற்கு மறைவான இடமும் நீரும் இருந்தனவா என்பவற்றை இவ்விழுக்காடு காட்டுவதில்லை.

பாதுகாப்பும் வசதியும்

நாப்கின்களுக்கான இந்தியத் தரநிலை (ஐ.எஸ். 5405) 1980-ல் திருத்தி வகுக்கப்பட்டது. நிமிடத்திற்கு 15 மி.லி. வீதம் விடப்படும் 30 மி.லி. திரவத்தை அடியிலோ பக்கங்களிலோ கசியாமல் நாப்கின் ஏற்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்றாக இருந்தது. அதே 1980-ல் அமெரிக்காவில், மிகுதியாக உறிஞ்சும் டாம்பன்களைப் பயன்படுத்திய பெண்களிடையே நச்சு அதிர்ச்சி நோய் காணப்பட்டது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. உறிஞ்சும் திறன் ஒன்றே பாதுகாப்பு ஆகாது என்பதை உலகம் அப்போது உணர்ந்தது. நெடுநேரம் மாற்றாமல் இருக்க முடிவது வசதியாகத் தோன்றினும், அதுவே கேடாகவும் முடியலாம். இந்தியத் தரநிலை 2019-ல் திருத்தப்பட்டது. துவைத்து மீண்டும் பயன்படுத்தும் நாப்கின்களுக்கு 2021-ல் தனித் தரநிலை வந்தது.

கேரளத்தின் அனுபவம்

2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது கேரளத்தின் நிவாரண முகாம்களில், பயன்படுத்திய நாப்கின்களை அகற்றுவது பெருந்தொல்லையாயிற்று. இதனையடுத்து, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேர், ‘திங்கள்’ என்னும் திட்டத்தின்கீழ் 2019-ல் ஆலப்புழை நகராட்சியில் 5,000 மாதவிடாய்க் கோப்பைகளை இலவசமாக வழங்கியது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி ஊராட்சி, நாப்கின் இல்லாத ஊராட்சியாக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. இவ்விரு இடங்களிலும் கோப்பை வழங்கியதோடு பயிற்சியும் அளிக்கப்பட்டது.

பயிற்சி இன்றியமையாதது. கோப்பைகளைப் பற்றிய 43 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கசிவைப் பொறுத்தவரை கோப்பை மற்றச் சாதனங்களுக்குக் குறைந்ததன்று. ஆனால் அது பழகுவதற்குச் சில மாதங்கள் தேவைப்படலாம். கோப்பையைக் கொதிநீரில் தூய்மை செய்வதற்குப் பாத்திரமும் தனிமையும் வேண்டும். கருத்தடைச் சாதனம் பொருத்திக்கொண்டவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்வது நலம்.

செலவுக் கணக்கு

மாதத்திற்கு 12 நாப்கின்கள் எனக் கொண்டால், ஐந்து ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்கு 720 நாப்கின்கள் தேவை. மக்கள் மருந்தகங்களில் 2019 ஆகஸ்டில் நிர்ணயிக்கப்பட்ட ஒரு ரூபாய் விலையில் இதற்கு ரூ.720 ஆகும், ஒன்று ஐந்து ரூபாயாயின் ரூ.3,600 ஆகும். இந்த 720 நாப்கின்களும் கழிவாகின்றன. அவற்றை அகற்றும் செலவை ஊராட்சியோ ஆறோ ஏற்கிறது. சிலிக்கோன் கோப்பை ஒன்றே ஐந்தாண்டுகளுக்குமேல் உழைக்கும். எனினும் அதன் விலையை ஒரே தவணையில் கொடுக்க வேண்டும். குடும்பச் செலவில் தன் தேவையைக் கடைசியாக வைக்கும் பெண்ணுக்கு அது எளிதன்று. ஆதலின் இம்முதற்செலவைப் பொதுநிதி ஏற்பது பொருளாதார நோக்கிலும் பொருத்தமானதே.

இதனால் எல்லோரும் கோப்பையையே ஏற்க வேண்டும் என்பதன்று. பள்ளிச் சிறுமிக்கு நாப்கினும், வெயிலும் நீரும் கிடைக்கும் வீட்டில் பருத்தித் துணியும் ஏற்றவையாக இருக்கலாம். தேர்வு பயன்படுத்துபவருடையது. ஒவ்வொரு சாதனத்தின் நன்மை தீமைகளையும் எடுத்துரைப்பது, தரத்தை உறுதி செய்வது, நீர், கழிப்பறை, கழிவகற்றல் ஆகியவற்றை அமைத்துத் தருவது என்பன அரசின் கடமைகள். கல்லாறு போன்ற மலையூரில் ஆண்டிறுதியில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பொட்டலங்கள் வழங்கப்பட்டன என்பது மட்டுமன்று. அந்நாள்களில் எத்தனை பெண்கள் நோயின்றி, அச்சமின்றித் தம் பணிகளைச் செய்ய முடிந்தது என்பதும் ஆகும்.