டிஸ்னி வேர்ல்டில் உயர்தர உணவகம்: இரண்டு புள்ளி கொடுக்கலாமா?

ஃபுளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில், வளாக ஓட்டலில் தங்குபவர்கள் உணவுத் திட்டத்தை முன்கூட்டியே வாங்கலாம். வழக்கமான திட்டத்தில், தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுப் புள்ளி, ஒரு விரைவு உணவுப் புள்ளி, ஒரு சிற்றுண்டிப் புள்ளி கிடைக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: கலிஃபோர்னியா கிரில், சிண்ட்ரெல்லாவின் கோட்டை உணவகம் போன்றவற்றில் ஒரு வேளைக்கு இரண்டு புள்ளி போய்விடும். நான்கு இரவு தங்கினால் இப்படி இரண்டு விருந்தோடு முழுச் சாப்பாட்டுப் புள்ளிகள் தீர்ந்துவிடும். மற்ற நாள் முழுச் சாப்பாட்டுக்குக் கையிலிருந்துதான் காசு.

மிக்கி, மினி மேசைக்கு வந்து பேசும் ‘செஃப் மிக்கீஸ்’ பஃபேக்கு ஒரே புள்ளி. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

சைவர்கள் நன்றாக யோசியுங்கள். விலை கூடிய இறைச்சி, கடலுணவு, மது இவற்றைக் கேட்டு வாங்குபவருக்குத்தான் இரண்டு புள்ளி ஓரளவு கட்டுப்படியாகும். காய்கறித் தட்டுக்கும் அதே இரண்டு புள்ளிதான்! கோட்டைக்குள் ஒருநாள் சாப்பிட ஆசையா? தாராளமாகப் போங்கள், திட்டம் வாங்காமல் அந்த ஒரு வேளைக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

டிப்ஸ் திட்டத்தில் சேராது. அறையில் உள்ள 3 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். மிஞ்சும் புள்ளிகள் ஓட்டலைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு காலாவதி. மேசை முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். மெனு விலையைக் கூட்டிப் பார்த்த பிறகே திட்டத்தைத் தொடுங்கள்.