டிரில் போடும் முன் வயரைப் பாருங்கள்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் காற்றின் உப்பு எதையும் விடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பித்தளைப் பின்னில் பச்சை பூத்திருந்தால் வெளியே தேய்த்துப் பயனில்லை. உள்ளே பிளக்கைப் பிடிக்கும் கிளிப்பும் அரித்துத் தளர்ந்திருக்கும். அங்கேதான் சூடேறிக் கருகும். புதிதாக வாங்குங்கள்.

வீட்டு டிரில் பெரும்பாலும் 500 முதல் 800 வாட். 230 வோல்ட்டில் 2 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாக்ஸ் தாங்கும். வெல்டிங் மெஷினை அதில் மாட்டாதீர்கள். ரீல் வயரை முழுசாகப் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே கிடந்தால் சூடு வெளியேறாமல் உறை உருகும்.

மெஷினில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருந்தால் இரட்டைக் காப்பு, எர்த் வேண்டாம். குறி இல்லாத பழைய இரும்பு பாடி டிரில்லுக்கு மூன்று பின் கட்டாயம். பிளக் இல்லாமல் வயர் முனையைத் தீக்குச்சி வைத்துச் சொருகுகிறவர்களை என்ன சொல்ல!

மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. காப்பது வயரை. ஆளைக் காக்க, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும், மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், உள்ளே வயர் பைப் ஓடும். துணிக் கையுறை வேண்டாம், பிட்டில் சுற்றிக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் போல வீட்டுக்குள் தண்ணீர் வந்து பாக்ஸ் நனைந்தால், காய வைத்து மாட்டாமல் தூக்கிப் போடுங்கள்.